முதலில் உள்ளே போகிறவர்

அக்கா தட்டச்சு செய்யும்போது விசைகளைப் பார்க்க மாட்டார். திரையையும் அதிகம் பார்க்க மாட்டார். பக்கத்தில் நிற்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார். "நீ சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார். நாம் வீட்டுச் சண்டையைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பக்கம் முழுதாக அடித்திருப்பார். அதில் பிழை இருக்காது. நம் சண்டைக்கும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவருடன் வேலை பார்த்தேன். எண்பதுகளின் முதல் பாதி. எனக்கு இருபத்து மூன்று வயது, டேட்டா என்ட்ரி வேலை. அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் டெலெக்ஸ் இயந்திரத்தில் செய்தி அடித்து அனுப்பிய கை. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஆறு டெலெக்ஸ் பெண்களில் அவரை மட்டும் எங்கள் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுச் சீன சூப்பர்வைசரும் அவரை 'அக்கா' என்றே கூப்பிட்டார். நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொள்கிறேன். அவர் பெயரைச் சொல்லும் உரிமையை நானாகத்தான் கெடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு மணியோடு ஆபீஸ் முடியும். ஆனால் ஜூரோங் கிடங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகச் சரக்கு விவரம் வந்துகொண்டிருக்கும். அதனால் மூன்று மணி வரை கம்ப்யூட்டரை நிறுத்த மாட்டார்கள். இரண்டு மூன்று பேர் காவல் இருக்க வேண்டும். இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் அதில் ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். நீ ஒரு குகைக்குள் நிற்கிறாய், வடக்கே ஒரு வழி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் வரும். போக வேண்டிய திசையை அடித்தால் அடுத்த அறை வரும். பல பேர் ஒரே நேரத்தில் அவரவர் திரையிலிருந்து அந்தக் குகைக்குள் இறங்கலாம், பேசிக்கொள்ளலாம், சேர்ந்து சண்டை போடலாம். செத்துப்போனால் சேர்த்த புள்ளி எல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

நானும் புரோகிராமர் குணாவும் ஆபீசிலிருந்து இறங்குவோம். லிம் என்பவன் ஜூரோங் கிடங்கிலிருந்து வருவான். லிம்மை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. பச்சை எழுத்தாகத்தான் தெரியும். மூன்று பேரும் ஒரு மாதமாக ஒரே பாலத்தில் செத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா மூலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"செத்துட்டோம்க்கா" என்றான் குணா.

"யாரு கொன்னா?"

"பாலத்துல ஒரு ராட்சசன் நிக்கிறான். நாங்க ஒரு அடி அடிக்கிறதுக்குள்ள அவன் மூணு அடி அடிச்சிடறான்."

அக்கா எழுந்து கையைக் கழுவிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். "தள்ளு. நான் போயி எட்டிப் பாத்துட்டு வர்றேன்."

அந்த விளையாட்டில் ராட்சசன் யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். 'வாளால் அடி' என்று நாங்கள் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்து முடிப்பதற்குள் அவன் வேலையை முடித்துவிடுவான். குணா அக்காவுக்காக ஒரு பெயரைப் பதிந்தான்: AKKA. அக்கா உட்கார்ந்தார். எதை அடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். விசைகள் மழை பெய்வதுபோலச் சத்தம் போட்டன. என் முகத்தைப் பார்த்து, "காலையில ரசம் வச்சேன், உப்புப் போட மறந்துட்டேன்" என்றார். திரையில் ராட்சசன் விழுந்து கிடந்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர்.

"எட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்பது அக்காவின் வாயில் ஓயாது வரும் பேச்சு. புது அறை வந்தால் நாங்கள் வாசலிலேயே நின்று தயங்குவோம். அவர் தனியாக நுழைவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அடித்து அனுப்புவார். பல சமயம் அங்கேயே சாவார். செத்தாலும் வருத்தம் கிடையாது. "இடது பக்கம் போகாதீங்க, குழி இருக்கு" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

வெளியிலும் அப்படித்தான். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். அவருடைய பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசையை மத்தியானத்துக்கு மாற்றப் போவதாக ஒரு பேச்சு வந்ததாம். சமைக்கிற நேரத்தில் எந்தப் பெண் வருவாள்? பத்துப் பெண்கள் சேர்ந்து போய்ப் பாதிரியாரிடம் கேட்பது என்று முடிவாயிற்று. அக்கா முன்னால் நடந்தார்.

"மாடிப் படி ஏறித் திரும்பிப் பாக்கிறேன், ஒருத்தியும் இல்ல. எல்லாரும் கீழ கேணிகிட்ட நின்னு பூவப் பாக்கிறாளுங்க!" சொல்லும்போதே சிரித்தார். "ஏறினது ஏறியாச்சு, எறங்கவா முடியும்? ஃபாதர், நாங்க பத்துப் பேரு வந்திருக்கோம்னு சொன்னேன். அவரு எட்டிப் பாத்தாரு. என் பின்னால யாரும் இல்ல. அவருக்கும் சிரிப்பு வந்திடிச்சு. பூச அதே நேரத்துலதான் நடக்குது."

"கோவம் வரலையாக்கா?"

"எதுக்கு? பயந்தவளுங்க மேல கோவப்பட்டா பயம் போயிடுமா?"

எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவா சூ காங் வட்டாரத்துப் பையன், தபால் நிலையத்தில் வேலை. பையனைப் பற்றி விசாரிக்க அப்பாவுக்கு ஆள் இல்லை. நான் இதை அக்காவிடம் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அந்தத் தபால் நிலையத்துக்கே போய் வரிசையில் நின்று அஞ்சல்தலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"பாத்துட்டேன்" என்றார் என் மேசையருகே நின்று. "நல்ல பையன். எனக்கு முன்னால ஒரு வயசான சீனத்தி, ஃபார்ம் நெரப்பத் தெரியல. அவனே எழுதிக் குடுத்தான். மொகத்தச் சுளிக்கல. ஆனா கொஞ்சம் மறதி. எனக்குச் சில்லறையக் குடுத்தான், ஸ்டாம்பக் குடுக்கல. கேட்டு வாங்கினேன். மறதிக்காரன் பரவால்ல லா, கட்டிக்க."

கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நல்லவர், மறதிக்காரர்.

குகையின் அடியில், ஏழாவது மட்டத்தில், ஒரு டிராகன் இருந்தது. அதைக் கொன்றால் விளையாட்டு முடிந்தது. ஆறு பேருக்குக் குறைந்து உள்ளே வராதே என்று வாசலிலேயே எழுதியிருக்கும். நாங்கள் நான்கு பேர்தான். அக்கா ஆறு சனிக்கிழமை தொடர்ந்து தனியாக உள்ளே போய்ச் செத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தோடு திரும்பி வந்தார். நுழையும்போது அது தூங்குகிறது. எட்டு எண்ணுவதற்குள் விழித்துக்கொள்ளும். பிறகு எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை நெருப்பு. உள்ளே சுவரில் எழுதியிருந்ததாம்: நெருப்பு அறையில் இருக்கும் எல்லாருக்கும் சமமாகப் பிரியும். ஒருவர் ஓடினால் அவர் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். நான் இதையெல்லாம் பிரின்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடமாகப் போட்டுக்கொண்டே வந்தேன்.

"எதுக்குக்கா புள்ளிய வீணாக்கறீங்க? நாலு பேரும் சேந்தே போவோம்" என்றான் குணா.

"நாலு பேரும் சேந்து சாவறதுக்கா? எனக்கு எதுக்குடா புள்ளி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி கொழம்பு வைக்கவா?"

ஏழாவது சனிக்கிழமை நான்கு பேரும் இறங்கினோம். முதல் நெருப்பைத் தாங்கினோம். இரண்டாவதில் லிம் பாதி உயிரோடு நின்றான். நான்காவதில் எனக்கு மிச்சமிருந்தது ஒரு நூல். ஓடு என்ற சொல்லை அடித்துவிட்டேன். அனுப்புகிற விசையை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் விரல் நிற்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஓடிடாத. நான் பக்கத்துலயே இருக்கேன்ல? இன்னும் ஒரு அடி."

அடித்ததை அழித்தேன். நின்றேன். ஐந்தாவது நெருப்பு வருவதற்கு முன் டிராகன் சாய்ந்தது. குணா நாற்காலி மேல் ஏறி நின்றான். லிம்மிடமிருந்து வெறும் ஆச்சரியக்குறிகளாக இரண்டு வரி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. யாரோ எழுதி வைத்த வார்த்தைகள்தான். ஆனாலும் அன்றைக்கு நான் ஓடாமல் நின்றது நிஜம்.

அடுத்த சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் ஒரு வாழையிலைக் கடையில் சாப்பாடு. லிம் முதல்முறையாக எங்களைப் பார்க்க ஜூரோங்கிலிருந்து வந்தான். ஒல்லியான பையன், கண்ணாடி. எங்கள் மேசையருகே நின்று, AKKA எங்கே, இன்னும் வரவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டான். இரண்டு வருடமாக அவன் மனதில் AKKA ஒரு பயில்வான். மீன்தலையை உடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "ஐ ஆம் அக்கா லா. சிட், சிட்" என்றார். அவன் உடனே உட்காரவில்லை. மெதுவாகத் தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். அக்கா அவன் இலையில் தன் கையால் அப்பளம் எடுத்து வைத்தார். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

சில மாதங்களில் ஆபீசுக்கு ஃபேக்ஸ் இயந்திரம் வந்தது. மீதமிருந்த ஐந்து டெலெக்ஸ் பெண்களுக்கும் மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று கடிதம் வரப்போவது தெரிந்தது. அக்காவுக்கு ஆபத்தில்லை. அவர் எங்கள் பகுதிக்கு வந்துவிட்டவர். ஆனால் அந்த ஐந்து பேரும் அவரோடு பதினைந்து வருடம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவர்கள்.

எங்கள் பகுதியில் வேலை மலைபோலக் குவிந்து கிடந்தது. அந்தப் பெண்களுக்குத் தட்டச்சு தெரியும். இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தால் டேட்டா என்ட்ரிக்கு வந்துவிடுவார்கள். இதை அந்த வேலையைச் செய்கிறவர்களே வந்து சொன்னால் மேனேஜர் கேட்பார் என்பது அக்காவின் எண்ணம்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு நேரம் கேட்டிருக்கேன். நாலு பேரும் சேந்து உள்ள போவோம். நான் பேசிக்கிறேன், நீங்க ஒரு வார்த்த பேச வேணாம். கூட நின்னாப் போதும்."

சரி என்றோம். லிம்கூட ஏதாவது கையெழுத்து வாங்கும் சாக்கில் வருவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். புரோகிராமர் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள், என் பெயர் மேலே போயிருக்கிறது என்றார். 'ஏ' லெவலோடு படிப்பை நிறுத்தியவள் நான். அந்த வேலை எனக்குக் கிடைக்கும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. அறைக்கதவைத் திறந்துவிடும்போது அவர், "திங்கட்கிழமை எங்கேயும் போய் நிற்காதே" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும்.

திங்கட்கிழமை குணா உடம்பு சரியில்லை என்று எம்.சி. போட்டுவிட்டான். ஒன்பதரை மணிக்குத் திரையில் லிம் வந்தான்: லாரி தகராறு, வர முடியவில்லை, மன்னிக்கவும். அக்கா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"சரி, விடு. நாம ரெண்டு பேரு இருக்கோம்ல."

"நீங்க முன்னால போங்கக்கா" என்றேன். "ஒரு ஃபைல எடுத்துட்டு இதோ வந்துடறேன்."

ஃபைல் என் மேசை மேலேயே இருந்தது. அவர் நீலப்புடவை கட்டியிருந்தார். நடையில் எந்த அவசரமும் இல்லை. அவர் போன பிறகு ஐந்து நிமிடம் அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துக்கொண்டு நடந்தேன். போய்விடுவது என்றுதான் நடந்தேன், அதை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும்.

மேனேஜர் அறைக் கதவில் நீளமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கும். எதிரே காலி நாற்காலி இருந்தும் அக்கா நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் ஏதோ தாளைப் புரட்டியபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், இல்லை என்று. என் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. அப்போது அக்கா பேச்சை நிறுத்தி, ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பினார். நான் சட்டென்று பக்கத்து அலமாரிக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். அங்கிருந்து ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் போனேன். யாரும் கேட்காத இருபது பக்கங்களைப் பிரதி எடுத்தேன்.

அவர் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டேன். பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பதைப் பல நாள் தூங்காமல் யோசித்திருக்கிறேன்.

ஐந்து பேரில் இரண்டு பேரை எங்கள் பகுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேர் போனார்கள். அவர்களோடு சேர்த்து அக்காவுக்கும் கடிதம் வந்தது. மேனேஜரிடம் வாதாடியவரை வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கடிதத்தில் 'ஆள் குறைப்பு' என்று இருந்தது. கடைசி நாள் அவர் எங்கள் மேசைகளைச் சுற்றி வந்தார். குணா கழிவறைக்குள் போய் இருந்துகொண்டான். என்னிடம், "டிரெயினிங் எப்ப ஆரம்பிக்குது?" என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். "நல்லாப் படி" என்றார். நான் அவருடைய கைப்பையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். முந்நூறு பத்திரிகை அடித்தோம். அக்காவுக்கு நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் வருவார், வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். தபால் நிலையத்தில் என் கணவரை முதலில் போய்ப் பார்த்தவர் அந்த மண்டபத்தில் இல்லை. அவர் பார்த்த கதையைக்கூட என் கணவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, அவங்க ஏன் வரல என்பதாக இருக்கும்.

பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். நான்கு வருடம் கழித்து, தேக்கா மார்க்கெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் இறைச்சிக் கடை வரிசையில் நின்றார். நான் மகள் கையைப் பிடித்தபடி வெளியே படியருகே நின்றிருந்தேன். "ஏய்!" என்று ஒரு குரல். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு அக்கா. முடி நரைத்திருந்தது. கோயில் முடிந்து வந்திருக்கிறார். ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருப்பதாகச் சொன்னார். குணாவை விசாரித்தார். "அந்த லிம் பையன் கல்யாணம் பண்ணிக்கிட்டானா?" என்றார். மகளின் கன்னத்தைக் கிள்ளினார். ஒரு சொல்லில்கூடக் குத்தல் இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு மேனேஜர் ரூம்ல..." என்று தொடங்கினேன்.

"அன்னிக்கா?" அவர் முகம் மலர்ந்தது. "உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன், சந்தர்ப்பமே அமையல. அந்த ஆளு ஒரே பிடியா முடியாதுன்னுட்டாரு லா. எனக்கே பயம் வந்திடிச்சு, கெளம்பிடலாம்னு திரும்பினேன். கண்ணாடில உன்னப் பாத்தேன். ஃபைலோட வந்து நின்னுட்டே. அதுக்கப்புறம்தான் எனக்குத் தெம்பு வந்திச்சு. 'வெளிய எங்க ஆளு நிக்கிது, கூப்பிட்டுக் கேளுங்க, வேல இருக்கா இல்லையான்னு' அப்படின்னேன். அவருக்கு உன்னக் கூப்பிட இஷ்டமில்ல. ரெண்டு பேர எடுத்துக்கிறேன்னு எறங்கி வந்தாரு."

நான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வெளிய வந்து பாத்தேன், உன்னக் காணோம். சூப்பர்வைசர் கூப்பிட்டுட்டாரோன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் நின்னியா?"

மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. உண்மையைச் சொல்ல அந்தச் சில நொடிகள் போதும்தான்.

"ஆமாக்கா, நின்னேன்" என்றேன். "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும்."

"அப்பவே நெனச்சேன்" என்றார் அக்கா, சந்தோஷமாக.